பெரிய புள்ளிக்குத் தண்டனை குறையாமல் இருக்க, ஏமாந்தவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய பணிக்கொடையில் 6 லட்சம் ரூபாயை எங்கள் ஊர் நிதி நிறுவனம் ஒன்றில் போட்டோம். அதை நடத்தியவர் ஊரில் பெரிய புள்ளி. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து நின்றார்கள். 2016இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு போட்ட வழக்கு மதுரை டான்பிட் கோர்ட்டில் முடியும் கட்டத்தில் இருக்கிறது. "குற்றவாளி என்று சொன்னாலும் ரெண்டு வருஷம்தான் கொடுப்பார்கள், அன்றைக்கே வெளியே வந்துவிடுவார்" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சட்டத்தில் அவருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று இருக்கிறதா? தண்டனை குறையாமல் இருக்க நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?
திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, டெபாசிட்தாரர்கள் தரப்பில் மதுரையில் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில், இதே கேள்வியைக் கோர்ட் வராந்தாவில் பல முறை கேட்டிருக்கிறேன். முதல் பாதிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன்.

சட்டத்தில் அவருக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஆனால் நீதிபதியின் முடிவுக்கு விட்டிருக்கும் இடைவெளி மிகப் பெரியது. டான்பிட் என்று நாம் சொல்லும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை சிறை என்கிறது. குறைந்தது இவ்வளவு என்று சொல்லவில்லை. ஒரு வருடம் கொடுத்தாலும் சட்டப்படி சரி, பத்து வருடம் கொடுத்தாலும் சரி. நடுவில் எங்கே நிற்பது என்று சொல்லும் வழிகாட்டி நெறிமுறை நம் நாட்டில் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று, குற்றவியல் நீதிமுறையைச் சீர்திருத்த மத்திய அரசு அமைத்த மாலிமத் குழு 2003இலேயே பரிந்துரைத்தது.

வசதி வேலை செய்வது இந்த இடைவெளியில்தான். லஞ்சத்தைச் சொல்லவில்லை. தண்டனை பற்றிக் கேட்கும்போது குற்றவாளி தரப்பு தன் வயது, நோய், குடும்பம், இதுவரை வேறு வழக்கு இல்லாதது, செய்த தர்ம காரியங்கள் எல்லாவற்றையும் சொல்லலாம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது, கொடுக்கவும் வேண்டும். பெரிய மனிதரின் வக்கீல் இதயப் பரிசோதனை அறிக்கை, கட்டிக்கொடுத்த கல்யாண மண்டபத்தின் போட்டோ, பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்த ரசீது என்று ஒரு கட்டுக் காகிதம் வைப்பார். பைக் திருட்டில் மாட்டியவனின் வக்கீலுக்கு "குடும்பம் இருக்கிறது, கருணை காட்ட வேண்டும்" என்ற ஒரு வரிதான் மிஞ்சும். இரண்டு பேரும் ஒரே உரிமையைத்தான் பயன்படுத்துகிறார்கள், கையில் இருக்கும் காகிதம்தான் வேறு.

நெறிமுறை இருக்கும் நாட்டிலும் இது நடக்கிறது. டிரம்பின் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட் வரி மோசடி, வங்கி மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டபோது அமெரிக்க நெறிமுறைப்படி வந்த அளவு சுமார் 19½ முதல் 24 ஆண்டு. 2019 மார்ச்சில் நீதிபதி கொடுத்தது 47 மாதம். மற்றபடி அவர் குற்றமற்ற வாழ்க்கை வாழ்ந்தவர் என்பதும் நீதிபதி சொன்னவற்றில் ஒன்று. இன்னொரு கோர்ட்டின் தண்டனையும் சேர்ந்து மொத்தம் ஏழரை ஆண்டானது. 2020 டிசம்பரில் டிரம்ப் பொதுமன்னிப்பு கொடுத்து அதையும் முடித்துவைத்தார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தண்டனை குறைவது தீர்ப்பு நாளன்று மட்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் அதிகம் கரைகிறது. ஏமாந்தவர்கள் யாரும் போகாத வாய்தாக்களில் அது நடக்கிறது.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கைப் பாருங்கள். 1996இல் தொடங்கியது. 2001இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்த பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சிகள் ஆனார்கள். தடுத்திருக்க வேண்டிய அரசு வழக்கறிஞர் தடுக்கவில்லை. தி.மு.க.வின் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனதால்தான் 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாறியது. 2014 செப்டம்பர் 27இல் தீர்ப்பு வந்தது: 4 ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம். அந்தக் காலத்து ஊழல் தடுப்புச் சட்டப்படி இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு.

அப்புறம் 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் பத்துக் கடன்களைக் கூட்டி 24.17 கோடி என்று எழுதியிருந்தார்கள். சரியாகக் கூட்டினால் வருவது 10.67 கோடி. கூடுதலாகக் காட்டிய அந்தப் பதின்மூன்றரைக் கோடியால்தான் வருமானத்துக்கு மீறிய சொத்து 8.12 சதவீதம் என்று சுருங்கி, 10 சதவீதத்துக்குள் இருந்தால் விடலாம் என்ற பழைய தீர்ப்புக்குள் அடங்கியது. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை அப்படியே திரும்பக் கொண்டுவந்தது. அதற்குள் ஜெயலலிதா இறந்துவிட்டார். சசிகலா தண்டனையை அனுபவித்து 2021 ஜனவரியில்தான் வெளியே வந்தார்.

அன்பழகன் அரசியல் எதிரி, அவருக்கு அவருடைய காரணம் இருந்தது. ஆனாலும் வெளியிலிருந்து ஒருவர் ஒவ்வொரு வாய்தாவையும் பார்த்துக்கொண்டே இருந்ததால் அந்த வழக்கு சாகாமல் பிழைத்தது. உங்கள் வழக்கில் அந்த வேலையை நீங்களும் மற்ற டெபாசிட்தாரர்களும்தான் செய்ய வேண்டும். உங்களுக்கு அவரைவிட அதிக உரிமை இருக்கிறது, ஏனென்றால் போனது உங்கள் பணம்.

இந்த உரிமை புதியது இல்லை, ஆனால் பலருக்குத் தெரியாது. உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது கார் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், புலன்விசாரணையிலிருந்து மேல்முறையீடு முடியும் வரை பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அதனால் கோர்ட்டில் "நீ யார்" என்று யாராவது கேட்டால் தயங்க வேண்டாம்.

முதலில், எந்தப் பிரிவுகளில் குற்றச்சாட்டு வனைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்டனையின் உச்சவரம்பு அங்கேயே முடிவாகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் நம்பிக்கை மோசடிக்கு 406ஆம் பிரிவு போட்டால் அதிகபட்சம் 3 ஆண்டு. வங்கியாளர், ஏஜென்ட் போன்றவர்களுக்கான 409ஆம் பிரிவு என்றால் ஆயுள் தண்டனை வரை போகலாம். 420க்கு 7 ஆண்டு. உங்கள் வழக்கு 2016 காலத்தது, எனவே பழைய சட்டப் பிரிவுகள்தான் இருக்கும். டான்பிட் 5ஆம் பிரிவு கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது தண்டனை நாள். குற்றவாளி என்று அறிவித்த அன்றைக்கே பல நேரம் தண்டனையையும் சொல்லிவிடுவார்கள். அன்று காலை போய் வக்கீல் தேடினால் நேரம் போதாது. தீர்ப்புக்குத் தேதி குறித்த உடனே ஒரு மனு தயாராக வேண்டும். உங்கள் தரப்பில் வக்கீல் வைத்து அரசு வழக்கறிஞருக்கு உதவ அனுமதி கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24(8), புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 18(8) அதற்கு இடம் தருகிறது. உங்கள் வக்கீல் தனியாகச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. அரசு வழக்கறிஞர் வழியாகக் கேட்கலாம், கோர்ட் அனுமதியோடு எழுத்துப்பூர்வ வாதம் தரலாம். அது போதும்.

மனுவில் கோபத்தைக் கொட்ட வேண்டாம், கணக்கை எழுதுங்கள். எத்தனை பேர், எவ்வளவு பணம், அதில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், இன்றுவரை திரும்ப வந்தது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போடுங்கள். அதன் பின்னால் பத்துக் குடும்பங்களின் கதை, ஒவ்வொன்றும் நாலு வரி. நின்றுபோன கல்யாணம், தள்ளிப்போட்ட ஆபரேஷன், அடகில் மூழ்கிய நகை. அவர் தரப்பு இதய அறிக்கை வைக்கும்போது, உங்கள் கணவரின் ஆஸ்பத்திரிச் சீட்டும் அதே மேஜையில் இருக்க வேண்டும். அதோடு 1987இல் குஜராத் அரசு எதிர் மோகன்லால் ஜிதமல்ஜி போர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்துக் காட்டட்டும். கொலைகூட ஆத்திரத்தில் நடந்துவிடலாம், பொருளாதாரக் குற்றமோ நிதானமாகத் திட்டம் போட்டு லாபத்துக்காகச் செய்யப்படுவது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மனுவில் இரண்டு விஷயங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். ஒன்று, பல பிரிவுகளில் தண்டனை வந்தால் அவற்றை ஏககாலத்தில் அனுபவிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பது. ஏககாலத்தில் என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஐந்து, ஐந்து, மூன்று என்பது வெறும் ஐந்தாகிவிடும். செய்தித்தாளில் பெரிய கூட்டுத்தொகை வந்தாலும் சிறையில் இருப்பது குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம். இரண்டாவது, இழப்பீடு. அதைப் பற்றி யோசித்தாக வேண்டும், ஏன் கொடுக்கிறோம் அல்லது கொடுக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் எல்லாக் கோர்ட்டுகளுக்கும் சொல்லியிருக்கிறது.

இனி, 3 ஆண்டு என்ற எண்ணைக் கவனியுங்கள். ஜாமீனில் இருக்கும் ஒருவருக்கு 3 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகத் தண்டனை கொடுத்தால், அவர் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னதும் தண்டித்த கோர்ட்டே அவரை வெளியே விடலாம். தனிக் காரணம் இருந்தால்தான் மறுக்க முடியும். பழைய சட்டத்தில் 389(3), புதியதில் 430(3). உங்கள் ஊரில் "அன்றைக்கே வந்துவிடுவார்" என்று பேசுவது இதைத்தான். ஒரு நாள் கூடினாலும் உயர் நீதிமன்றம் போக வேண்டும். மாட்டுத்தீவன ஊழலின் தேவ்கர் கருவூல வழக்கில் லாலு பிரசாத்துக்கு 2018 ஜனவரியில் மூன்றரை ஆண்டு வந்தது, அவர் வீட்டுக்குப் போக முடியவில்லை. அந்த வழக்கில் உயர் நீதிமன்ற ஜாமீன் கிடைத்தது 2019 ஜூலையில், பாதித் தண்டனை கழிந்த பிறகு.

தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடியின் சொத்துக்குவிப்பு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில், 2016ஆம் ஆண்டு விடுதலைத் தீர்ப்பை ரத்து செய்து, 3 ஆண்டு சிறையும் 50 லட்சம் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டுக்காக 30 நாள் தண்டனையை நிறுத்தியும் வைத்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைத்தது, அதே மாதம் அவர் மீண்டும் அமைச்சரானார். தண்டனையை நிறுத்துவது வேறு, குற்றவாளி என்ற முடிவை நிறுத்துவது வேறு. பதவியில் இருப்பவர்கள் இரண்டாவதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் பதவி பறிபோவது அதனால்தான்.

தண்டனையை நிறுத்திவைக்கும் மனு உயர் நீதிமன்றம் போனால் நீங்களும் இடையீட்டு மனு போட்டுப் பேசலாம். உங்கள் வழக்குக்கு அது மதுரைக் கிளை. பல நேரம் அரசுத் தரப்பு "ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட, எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அரசுத் தரப்பு ஆட்சேபிக்கவில்லை என்பதற்காக நீதிபதி ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. 2014 அக்டோபர் 7இல் ஜெயலலிதாவின் ஜாமீன் மனுவில் சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆட்சேபிக்காதபோதும் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. பத்து நாள் கழித்து உச்ச நீதிமன்றம்தான் கொடுத்தது, அதுவும் மேல்முறையீட்டை இழுக்கக் கூடாது என்ற கண்டிப்போடு. நீங்கள் கேட்க வேண்டியதும் அதுதான். ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கட்டும், ஒரு பெரிய தொகையைக் கோர்ட்டில் கட்டட்டும், மேல்முறையீட்டை இத்தனை மாதத்துக்குள் முடிக்கட்டும். உடல்நிலையைக் காரணமாகச் சொன்னால் தனியார் ஆஸ்பத்திரி அறிக்கையோடு விடாமல், அரசு மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். நோய் உண்மையாக இருந்தால் அவருக்குச் சிகிச்சை கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தண்டனை ரொம்பக் குறைவாக வந்துவிட்டால்? இங்கே உங்களுக்கு ஒரு கசப்பான செய்தி. தண்டனையைக் கூட்டச் சொல்லி நீங்களே மேல்முறையீடு செய்ய முடியாது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. அந்த உரிமை அரசுக்குத்தான், பழைய 377, புதிய 418ஆம் பிரிவில். நீங்கள் நேரடியாக மேல்முறையீடு செய்யக்கூடியது மூன்று சூழலில்: விடுதலை ஆனால், சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தால், இழப்பீடு போதாவிட்டால். டான்பிட் பிரிவில் விட்டுவிட்டு 406இல் மட்டும் தண்டித்தால் அது இரண்டாவது வகை, உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. இதற்கு முன் அனுமதிகூட வேண்டாம் என்று 2018இலேயே தீர்ப்பு இருக்கிறது.

தண்டனை அளவுக்கு மட்டும் என்றால் இரண்டு வழி. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். நகல் கிடைத்ததும், அரசு மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று காரணங்களோடு அரசு வழக்கறிஞருக்கும் பொருளாதாரக் குற்றப்பிரிவு டி.எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். உயர் நீதிமன்றம் போக 60 நாள்தான். அவர்கள் அசையாவிட்டால், கீழ்க் கோர்ட்டின் முடிவு சரியா என்று பார்க்கச் சொல்லும் சீராய்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போடலாம், அதற்கு 90 நாள். இதை விட்டுவிட்டால் பிறகு சரிசெய்வது கடினம். குற்றவாளி போட்ட மேல்முறையீட்டை மட்டும் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் தானாகத் தண்டனையைக் கூட்டக் கூடாது என்று 2025இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுத் தரப்பிலிருந்தோ பாதிக்கப்பட்டவர் தரப்பிலிருந்தோ யாராவது கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் அதிகம் பயப்படும் விஷயம். தீர்ப்புக்குச் சில வாரம் முன்னால் ஊரில் ஒரு புரோக்கர் வருவார். "பாதியாவது வாங்கிக்கோங்க, கேஸ் இழுத்துக்கிட்டே போகும்" என்பார். கையெழுத்து கேட்கும் காகிதத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று இருக்கும். அது நாளைக்குக் கோர்ட்டில் தண்டனைக் குறைப்புக்கான முதல் ஆவணமாகப் போய் நிற்கும். சமரசம் சட்டவிரோதம் இல்லை. டான்பிட் சட்டத்தின் 5-ஏ பிரிவே பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமரசம் ஆக வழி வைத்திருக்கிறது, ஆனால் சிறப்புக் கோர்ட்டின் அனுமதியோடு. உங்களுக்கு வயதாகிறது, பணம் வேண்டும், வாங்குவது தப்பே இல்லை. கோர்ட்டில் வைத்து, டிமாண்ட் டிராஃப்டாக வாங்குங்கள். வாங்கிய தொகை எவ்வளவோ அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 6 லட்சத்தில் 2 லட்சம் வந்தால் "2 லட்சம் பெற்றேன், 4 லட்சம் பாக்கி". வெற்றுப் பத்திரத்தில் ஒருபோதும் வேண்டாம்.

நீண்ட தண்டனை வந்தால் பணம் வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி வழக்கில் 2022 ஆகஸ்டில் கோவை டான்பிட் கோர்ட் இருவருக்குத் தலா 27 ஆண்டும் 171.74 கோடி அபராதமும் விதித்தது. மக்கள் பணம் போட்டு அதற்குள் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அபராதத்திலிருந்து இழப்பீடு தருவதும் மேல்முறையீடு முடியும் வரை நிற்கும். உங்கள் பணம் வரும் உண்மையான வழி சொத்து முடக்கம். அது தண்டனை வழக்கோடு சேராமல் தனி மனுவாக நடக்கும். எந்தெந்தச் சொத்தை அரசு முடக்கியிருக்கிறது, அது உறுதி செய்யப்பட்டதா, ஏலம் எந்த நிலையில் இருக்கிறது என்று பொருளாதாரக் குற்றப்பிரிவிலும், பொறுப்பதிகாரியாக இருக்கும் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் எழுதிக் கேளுங்கள். மைத்துனர் பேரிலோ மருமகன் பேரிலோ மாற்றிய நிலம் இருந்தால் வில்லங்கச் சான்று எடுத்துக் கொடுங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு மாற்றி வாங்கியவர்களின் சொத்தையும் 8ஆம் பிரிவில் முடக்கலாம். ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த நிலம் எது என்று எந்தப் போலீஸ்காரருக்கும் தெரியாது.

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. திண்டுக்கல் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எனவே மனு உங்கள் பெயரில் போகட்டும், கணவர் பெயரில் வேண்டாம். டெபாசிட் ரசீது இருவர் பெயரிலும் இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு வையுங்கள், அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டிலிருந்தே தெரியும். மற்ற டெபாசிட்தாரர்களோடு பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பேராவது போய் முன் பெஞ்சில் உட்காருங்கள். முதலில் இந்த வாரமே ரசீதுகளின் நகல், எஃப்.ஐ.ஆர். எண், நீங்கள் போலீஸில் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு ஆணைக்குழுவுக்கு எடுத்துப் போங்கள்.